ஏழாம் நம்பர் கிட்டங்கி

1959-ஆம் வருஷம் ஜூன் எட்டாம் தேதி, காலை ஒன்பது மணி. சாரல் அப்போதுதான் பிடித்திருந்தது. தென்காசி ரயில் நிலையத்துக்கு மேற்கே தண்டவாளத்தை ஒட்டிப் போகும் கிட்டங்கித் தெருவுக்குள், பன்னிரண்டு சாவிகள் கோத்த இரும்பு வளையத்தைக் கையில் பிடித்தபடி நான் நுழைந்தேன்.

சரக்கு மூட்டைகளை அடுக்கி வைக்கிற கட்டடத்துக்கு எங்கள் பக்கத்தில் கிட்டங்கி என்று பெயர். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் அறுபது மைல் தூரம் உண்டு. இருந்தாலும் அதைத் துறைமுகத் தெரு என்று சொன்னால் பிசகில்லை. கொல்லத்தில் கப்பல் இறக்கிய சரக்கு, மலையைக் குடைந்து வரும் ரயிலில் ஏறி இங்கேதான் வந்து இறங்கியது. மிளகும் சுக்கும் கொப்பரையும் கருவாடும் வரும். மிளகாய் வத்தலும் துணியும் போகும். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யம். எல்லைக்கு இந்தப் பக்கம் சரக்கைக் காத்து வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. பிறகு சுங்கத் தீர்வை போயிற்று, எல்லையும் நகர்ந்து போயிற்று, லாரிகள் வந்தன. தெரு செத்துவிட்டது. பன்னிரண்டு கிட்டங்கிகளிலும் வௌவால் குடியேறியது.

நான் ஊர் வர்த்தகர் சங்கத்தில் கடிதம் எழுதுகிற குமாஸ்தா. பெயர் காந்திமதிநாதன். அந்தத் தெருவை மறுபடி திறக்கலாம் என்ற யோசனை என்னுடையது. குற்றாலத்தில் குளிக்க வருகிற கூட்டமெல்லாம் தென்காசியில் ரயிலை விட்டு இறங்கி, வண்டி பிடித்து நேரே அருவிக்குப் போய்விடுகிறது. அவர்கள் கொஞ்சம் நின்று துணியோ மிளகோ தேனோ வாங்கிப் போக, வரிசையாகப் பன்னிரண்டு கடைகள் இருந்தால் என்ன? இதைச் சங்கத்துக்கு நாலு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். சம்மதித்தார்கள். ஒரு நிபந்தனையும் போட்டார்கள். ஆடிப் பதினெட்டன்று திறப்புவிழா நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் கட்டடங்களை இடித்து கூரை ஓடுகளையும் தேக்கையும் ஏலம் விட்டுவிடுவார்கள். என் வேலையும் அன்றோடு சரி.

ஆக, ஐம்பத்தாறு நாள்.

வேலைக்கு எட்டுப் பேர். அதில் முக்கியமானவன் சுடலைமாடன். சுண்ணாம்பு அடிப்பான், ஓடு மாற்றுவான், மூட்டையும் சுமப்பான். வாய் ஓயாது. அவன் பெண்சாதி செண்பகவல்லி வாசலில் சுண்ணாம்பு கரைத்துக் கொடுப்பாள்.

ஆறு கிட்டங்கிகள் வரை ஒரு குறையும் இல்லை. எலிப்புழுக்கை, பாம்புச் சட்டை, மக்கிய சாக்கு, அவ்வளவுதான். ஜூன் பதினெட்டாம் தேதி ஏழாவதைத் திறந்தோம். மற்றவற்றில் ஒற்றைக் கொண்டி. இதில் மட்டும் கதவில் இரண்டு கொண்டிகள், இரண்டு பூட்டு மாட்டுவதற்கு. உள்ளே ஒன்றுமே இல்லை. நாற்பதடி நீளத்துக்கு வெறும் தரை, பின்பக்கம் ஒரு பரண், ஜன்னல் கிடையாது. ஆனால் வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்ததும் தொண்டையில் ஒரு காரம் பிடித்தது. மிளகாய் வத்தலை வறுக்கிற வீட்டுக்குள் நுழைந்த மாதிரி.

"பத்து வருசமா பூட்டிக் கெடக்கு. வத்தல் வாடை இன்னுமா போகல?" என்று சுடலைமாடன் இருமினான். "ஏட்டி செண்பகம், கொழம்புக்கு வத்தல் வாங்காத. இந்தச் சுவத்தைச் சொரண்டிப் போட்டாப் போதும்."

கிட்டங்கியில் மூட்டை சுமப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கதவைச் சாத்துமுன் சாவிக்காரர் கையிலிருக்கும் பூட்டால் கதவை ஒரு தட்டு தட்டி, உள்ளே பார்த்து "ஆள் உண்டா?" என்று கேட்க வேண்டும். ஒரு மூச்சு விடுகிற நேரம் பொறுக்க வேண்டும். இப்படி மூன்று தடவை. மூட்டை அடுக்குக்குப் பின்னால் எவனாவது அயர்ந்து தூங்கிப்போயிருந்தால் எழுந்து வந்துவிடுவான். அர்த்தமுள்ள வழக்கம் என்று நானும் அதை விடாமல் செய்து வந்தேன்.

அன்று மாலை ஆறு மணிக்கு ஏழாம் நம்பர் வாசலில் நின்றேன். எட்டுப் பேரும் எனக்குப் பின்னால் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். தலையை எண்ணியே வைத்திருந்தேன்.

தட்டினேன். "ஆள் உண்டா?"

ஓட்டின் மேல் சாரல் விழும் சத்தம்.

"ஆள் உண்டா?"

ஒன்றும் இல்லை.

"ஆள் உண்டா?"

உள்ளே, கோடியில், யாரோ இருமினார்கள். வறண்ட இருமல். பிறகு, சாவதானமாக ஒரு குரல்.

"உண்டு."

கை கழுவிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிமிர்ந்தார்கள். திரும்பி மறுபடி எண்ணினேன். எட்டுப் பேர். அரிக்கேன் விளக்கைக் கொளுத்திக்கொண்டு நானும் சுடலைமாடனும் உள்ளே போனோம். பரண் மேல் ஏறிப் பார்த்தோம். மூலைக்கு மூலை விளக்கைக் காட்டினோம். வெறும் தரை. நாங்கள் பேசினால் எதிரொலிக்கிற அளவுக்கு வெறுமை.

மறுநாளும் அப்படியே. மூன்றாவது தடவைக்கு இருமல், பிறகு "உண்டு." அதற்கு மறுநாளும் அதுவே. மூன்றாவது நாளோடு இரண்டு பேர் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

நான்காம் நாள் மதியம் மாடக்கண்ணு என்கிற கிழவர் என்னைத் தேடி வந்தார். ஒரு காலத்தில் அந்த ஏழாம் நம்பருக்குச் சாவிக்காரராக இருந்தவர். கிட்டங்கி வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

"உண்டுன்னு சொல்லுதானா அய்யா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாரு?"

"பிச்சுமணி."

முப்பது வருஷத்துக்கு முந்தைய சங்கதி. ஏழாம் நம்பர் இரண்டு கூட்டாளிகளுக்குச் சொந்தம். ஒருவர் உள்ளூர், ஒருவர் கொல்லம். இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆளுக்கொரு பூட்டு. இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஒரு நாள் சாயங்காலம் கிட்டங்கி நிறைய வத்தல் மூட்டை. பிச்சுமணி என்ற சுமைகாரனுக்குக் காய்ச்சல். மூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சுருண்டுவிட்டான்.

"நான் ரெண்டு தடவை கூப்பிட்டேன்யா. மழையும் கொட்டுச்சு. மூணாவது கூப்பிட வாயெடுத்தேன். கொல்லத்து மொதலாளிக்கு ரயிலுக்கு நேரமாச்சு. 'பூட்டும்வே'ன்னாரு. பூட்டிட்டேன். அவரு அவரு சாவியோட ரயிலேறிட்டாரு."

"பிறகு?"

"மறுநா தட்டுதான். தெரு முழுக்கக் கேட்டுது. உள்ளூர் மொதலாளி, எலின்னாரு. கூட்டாளி இல்லாம அவர் பூட்டை ஒடைச்சா களவுப் பட்டம் வருமாம். தந்தி அடிச்சாவ. அவரு ஒன்பதாம் நாள்தான் வந்தாரு." மாடக்கண்ணு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் கதவுல காதை வச்சுக் கேட்டேன். ரெண்டாம் நாளே தட்டுறதை விட்டுட்டான். கை போயிருக்கும். பொறவு வாயாலதான். 'ஆள் உண்டு, ஆள் உண்டு'ன்னு. இருமலும் அதுவுமா. பக்கத்துக் கிட்டங்கியில கடப்பாரை கெடந்துச்சு. அம்பது பேரு நின்னோம். ஒருத்தன் எடுக்கல."

நான் அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். கதை உண்மையாகவே இருக்கட்டும். அதற்காக ஒரு தெருவைத் திறக்காமல் விட முடியுமா? மீதி நாள் நாற்பத்து மூன்று. ஏழாம் நம்பரைக் கடையநல்லூர் லுங்கி வியாபாரி மைதீன் எடுத்துக்கொள்வதாக எழுதிக்கொடுத்திருந்தார். தினமும் விளக்கைக் கொளுத்தித் தேடிக்கொண்டிருந்தால் அரைமணி வீண். ஆட்களுக்கும் பயம் கூடுகிறது. ஆகவே, எல்லோரையும் நிறுத்தி வைத்து ஓர் ஒழுங்கு சொன்னேன்.

"ஏழாம் நம்பர்ல அது பதில் சொல்லும். சொல்லிட்டுப் போவுது. தேட வேண்டாம். நான் பூட்டிருவேன். யாரும் அதைப் பெரிசு பண்ணக் கூடாது."

இதை நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பயம் வேடிக்கையாக மாறியது. உள்ளே "உண்டு" என்றதும் சுடலைமாடன் வெளியிலிருந்து பதில் கொடுப்பான். "உண்டுன்னா இருந்துக்கிடும். சும்மா இருக்கிற நேரம் அந்த மேற்குச் சுவத்துக்கு ஒரு பூச்சு அடிச்சு வையும்வே." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஜூலை இருபத்தொன்பதாம் தேதி மைதீன் தன் துணி பேல்களை, இறுக்கிக் கட்டிய பொதிகளை, வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். கதவில் இரண்டு கொண்டிகளைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை.

"பிள்ளைவாள், கட்டடம் சங்கத்தோடது, சரக்கு என்னோடது. உங்க பூட்டு ஒண்ணு இருக்கட்டும், எம் பூட்டு ஒண்ணு இருக்கட்டும். நாளைப் பின்ன ஒருத்தரை ஒருத்தர் கேக்க வேண்டியதில்ல பாருங்க."

நியாயமாகத்தான் பட்டது. மாடக்கண்ணு சொன்னது அந்த நிமிஷத்தில் ஏன் எனக்கு நினைவு வரவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

ஜூலை முப்பத்தொன்று. ஆடி பதினைந்து. வேலை முடிந்துவிட்டது. பிற்பகல் மூன்று மணிக்கு எல்லோருக்கும் கூலி கொடுத்தேன். வாங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். செண்பகவல்லியும் வாளிகளைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்று இரவு ரயிலில் ஈரோடு போகிற மைதீன் அவசரமாகத் தன் பூட்டோடு வந்து நின்றார். ஐந்தரை மணி. நல்ல சாரல். அன்று நான் தலை எண்ணவில்லை. எண்ண யாரும் அங்கே இல்லை.

தட்டினேன். "ஆள் உண்டா?"

"உண்டு."

முதல் தடவையிலேயே பதில். அதுவரை அப்படி வந்ததில்லை. எப்போதும் மூன்றாவதற்குத்தான் சொல்லும். மைதீன் என் முகத்தைப் பார்த்தார்.

"ஆள் உண்டா?"

"உண்டு." கொஞ்சம் கிட்டே வந்தது போல.

"ஆள் உண்டா?"

"ஆள் உண்டு."

கதவுக்கு ஒரு முழத்துக்கு அப்பால் நின்று சொன்ன மாதிரி இருந்தது. இருட்டுக்குள்ளிருந்து வத்தல் நெடி என் கண்ணில் அடித்தது. துணி பேல்களின் வெள்ளை விளிம்பு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"இதைத்தான் தெருவுல சொன்னாவளா?" என்று மைதீன் முணுமுணுத்தார். ஏதோ ஓதி நெஞ்சில் ஊதிக்கொண்டார். "பூட்டுங்க பிள்ளைவாள். ரயிலுக்கு நேரமாச்சு."

பூட்டினேன். அவரும் பூட்டினார்.

மறுநாள், ஆகஸ்டு ஒன்று. காலையில் விளக்குக் கம்பி இழுக்கிறவர்களை அழைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். ஏழாம் நம்பரைத் தாண்டும்போது உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

தட். தட். தட்.

கம்பிக்காரர்கள் நின்றார்கள். "அங்கன ஒண்ணுமில்ல, வாங்க," என்றேன். அதுவரை அது தட்டியதில்லை. சரக்கு வைத்ததில் அதற்குக் கோபம் வந்துவிட்டது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மதியமும் தட்டியது. சாயங்காலமும் தட்டியது. பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டார்கள். எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னேன். அவர்களும் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். ஒருவர் கதவுக்குப் பக்கத்தில் சூடம் கொளுத்தி வைத்தார்.

ஏழாம் நம்பர் இறவாரத்தின் கீழே ஓர் ஆணி. அதில் ஒரு காக்கிச் சட்டை நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுப் போனேன்.

ஆகஸ்டு இரண்டாம் தேதி மதியம் இரண்டு மணிக்குச் செண்பகவல்லி வந்தாள். மூச்சு வாங்கியது.

"அண்ணாச்சி, அவிய வீட்டுக்கு வரல."

"என்னைக்கிலிருந்து?"

"கூலி வாங்குன அன்னையிலருந்து. நானும் புளியறைக்கு அந்தப் பக்கம் கள்ளுக்கடைக்குப் போயிருப்பாவன்னு வஞ்சுக்கிட்டுக் கெடந்தேன். நம்ம பக்கம் கெடைக்கலைன்னு கூலி நாள்ல எல்லை தாண்டுறவியதான். ஒரு நாள்ல வந்துருவாவ. ரெண்டு நாள் ஆவுது."

"வந்துருவான். நாளைக்குத் திறப்புவிழா. அவன் இல்லாமலா?"

அவள் நான் சொன்னதைக் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். போய் அந்த ஆணியிலிருந்து சட்டையை எடுத்தாள். பையில் கைவிட்டாள். மடித்த ரூபாய் நோட்டுகள் ஈரத்தில் ஒட்டிப்போய் வந்தன. நான் கொடுத்த கூலி. மடிப்புக்கூட மாறவில்லை.

"சட்டையும் துட்டும் இல்லாம எந்தக் கடைக்கு அண்ணாச்சி போனாவ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அப்போது தட்டியது.

ஒரே ஒரு தட்டு. நகத்தால் சுரண்டுவது போல.

மாடக்கண்ணு தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். புளியறையில் மகள் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார். எங்களைப் பார்த்துக் கிட்ட வந்தார். இரண்டாம் தட்டு கேட்டது. கிழவர் குனிந்து கதவில் காதை வைத்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"இது எத்தனை நாளா அய்யா?"

"நேத்துலருந்து. உங்க பிச்சுமணிதான்."

"பிச்சுமணி தட்டமாட்டான்."

"என்ன?"

"பிச்சுமணி ரெண்டாம் நாளோட தட்டுறதை விட்டுட்டான்யா. அவன் சொல்லத்தான் செய்வான். தட்டமாட்டான்."

என் சாவியைப் போட்டு என் பூட்டைத் திறந்தேன். அடுத்த கொண்டியில் மைதீனின் திண்டுக்கல் பூட்டு. மைதீன் ஈரோட்டில்.

தெருவே கூடிவிட்டது. பதினொரு கடைக்காரர்களும் வந்துவிட்டார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். பாய் வராமல் அவர் பூட்டில் கை வைக்காதிய. உள்ள ஆள் இல்லன்னா யார் பதில் சொல்ல? ஆயிரக்கணக்கில் துணி கெடக்கு. நாளைக்குக் காலையில அவரே வந்துருவாரு, ஒரு ராத்திரிதானே. யாரோ பக்கத்திலிருந்து கடப்பாரையை என் கையில் கொடுத்துவிட்டிருந்தார்கள். உள்ளே யாரும் இல்லை என்றால் நான் திருடன். நாளைய விழா போச்சு, என் வேலை போச்சு, தெரு இடிபடும். அதுதான் அப்போது என் தலைக்குள் ஓடியது. நின்றேன். கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன். அதை இங்கே மறைக்க மாட்டேன்.

"அன்னைக்கு நாங்களும் இப்படித்தான் நின்னோம்," என்றார் மாடக்கண்ணு.

செண்பகவல்லி கடப்பாரையை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

முதல் அடி கொண்டியில் விழவில்லை, மரத்தில் விழுந்தது. இரண்டாவது பூட்டில். அதற்குப் பிறகுதான் நானும் கை கொடுத்தேன். மூன்றாவது அடியில் கொண்டி பிய்ந்து வந்தது.

கதவைத் தள்ளினோம்.

வத்தல் நெடி ஒரு ஆள் மாதிரி எங்கள் மேல் வந்து மோதிவிட்டு, எங்களைத் தாண்டிப் போனது. முன்னால் நின்ற எல்லோரும் இருமினோம். உள்ளே துணி பேல்கள். வத்தல் ஒன்றுகூட இல்லை.

சுடலைமாடன் கதவுக்கருகே இல்லை. மேற்கு மூலையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்து வைத்திருந்தான். செத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். அப்போது கூரையிலிருந்து ஒரு சொட்டு அவன் வாயில் விழுந்தது. தொண்டை அசைந்தது.

செண்பகவல்லி அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டாள். வாயே திறக்காத பெண் அன்று திட்டிய திட்டை நான் எழுத முடியாது. திட்டிக்கொண்டே அழுதாள். அரைமணி கழித்து, கஞ்சி உள்ளே போன பிறகு, அவனுக்குக் குரல் வந்தது.

"பரண்ல கொஞ்சம் சாஞ்சேன் அண்ணாச்சி. சுண்ணாம்பு நெடியில தலைவலி. கண்ணு சொருகிட்டு. முழிச்சா இருட்டு. வத்தல் நெடியில குரலே எழும்பல. தட்டினேன். விடிய விடியத் தட்டினேன். நீங்க 'ஒண்ணுமில்ல வாங்க'ன்னு சொல்லிட்டுப் போனது கேட்டுது."

கஞ்சிக் கிண்ணத்தை மறுபடி அவன் வாயருகே பிடித்தேன்.

"பொறவு பக்கத்துல ஒருத்தரு இருமினாரு. 'தட்டாதலே, கை போயிரும். தட்டுனா தெறக்க மாட்டாவ. அந்த மூலையில ஓடு ஒழுவுது, அங்கன போயி வாயை வச்சுக்கோ'ன்னாரு. இன்னைக்குச் செண்பகம் குரல் கேட்டு ஊர்ந்து வந்து ரெண்டு தட்டு தட்டிட்டு, மறுபடி மூலைக்கே போயிட்டேன். ரெண்டு நாளும் கூடவே இருந்தாரு. நல்ல மனுசன்."

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நான் மூணு தடவை கூப்பிட்டேனேப்பா. உண்டுன்னு மட்டும் சொன்னியே. 'நாந்தான் சுடலைமாடன்'னு பேரைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அவன் என்னைப் புரியாமல் பார்த்தான்.

"நீங்க எப்பக் கூப்பிட்டிய? நான் உறங்கிட்டுல்லா இருந்தேன். நான் ஒண்ணும் சொல்லலையே."

மறுநாள் காலை மைதீன் வந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். உடைந்த கொண்டியைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பூட்டு கடையில கெடைக்கும் பிள்ளைவாள்," என்றார். "அது 'உண்டு'ன்னதை நானும்தானே காதால கேட்டேன். மூணு தடவையும் கேட்டேன்." பேல்களைப் பன்னிரண்டாம் நம்பருக்கு மாற்றிக்கொண்டார். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு லுங்கியிலும் வத்தல் வாடை. மூன்று வெளுப்புக்குப் பிறகுதான் போயிற்று.

ஆடிப் பதினெட்டன்று சாயங்காலம் விழா நடந்தது. பன்னிரண்டு வாசலிலும் விளக்கு எரிந்தது. குற்றாலத்துக்குப் போகிற கூட்டம் தெருவில் நெரிந்தது. தெரு பிழைத்துக்கொண்டது. ஏழாம் நம்பரின் கதவை மட்டும் நான் விடியுமுன்பே கழற்றச் சொல்லிவிட்டேன். அதற்கு இன்றுவரை கதவு கிடையாது. மூட்டை சுமப்பவர்கள் மதியத்தில் அங்கே படுத்துக்கொள்கிறார்கள். இருமல் சத்தம் கேட்பதில்லை என்கிறார்கள். சுடலைமாடன் அங்கே படுப்பதில்லை. எந்தக் கூரைக்குக் கீழும் அவன் படுப்பதில்லை. மழையானாலும் வாசலில்தான்.

கழற்றிய கதவு ஒற்றைத் தேக்குப் பலகை. விற்க மனசில்லை, எரிக்கவும் மனசில்லை. சங்க அலுவலகத்தில் என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்தேன். அதற்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடம் இருக்கும்.

அந்த வருஷம் புரட்டாசியில் மாடக்கண்ணு போய்விட்டார். கடைசி நாளில் நான் போயிருந்தேன். பேச்சு நின்றுவிட்டது. வலது கையை மடக்கி, கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி.

அவர் போன பதினாறாம் நாள் சாயங்காலம் ஆறு மணி. நான் தனியாக உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், அந்தக் கதவில், இரும்புப் பூட்டு மரத்தில் மோதுகிற சத்தம்.

"ஆள் உண்டா?"

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. சுவர் இருக்கிற பக்கத்திலிருந்து.

ஒரு மூச்சு விடுகிற நேரம்.

மறுபடி பூட்டு மோதியது. "ஆள் உண்டா?"

காத்திருந்தேன். மூன்றாவது வரவில்லை. எழுந்து போய் அலுவலகத்தின் வாசல் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். திறந்திருந்தது. திரும்பி வந்து, அந்தத் தேக்குப் பலகையைப் பார்த்து, "உண்டு" என்றேன். அதன் பிறகு அமைதி.

நான்கு வருஷமாக இதுதான் நடைமுறை. தினமும் இல்லை. சாரல் பிடித்த நாட்களில் மட்டும். இரண்டு தடவை கேட்கும். நான் "உண்டு" என்பேன். எழுந்து வெளியே போய்விடுவேன். இதில் எனக்கு இப்போது பயமில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நான் கடமைப்பட்டவன் என்று வைத்துக்கொண்டேன்.

இதை ஒழுங்காக எழுதி வைக்க நேற்று உட்கார்ந்தேன். 1963 ஜூலை ஒன்பது. ஆறு மணிக்குப் பூட்டுச் சத்தம் கேட்டது.

"ஆள் உண்டா?"

பேனாவை மூடினேன்.

"ஆள் உண்டா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். தொண்டையில் காரம் பிடித்தது.

நான் சொல்லுமுன், என் நாற்காலியின் முதுகுக்குச் சரியாகப் பின்னால், கதவுக்கு இந்தப் பக்கத்தில், ஒருவர் இருமினார்.

"உண்டு," என்றார். "ரெண்டு பேரு."